அறிவாளிக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்!

பையன் கணக்கில் 100-க்கு 90 வாங்கினால் ‘பிரில்லியண்ட்’ என்கிறோம். சாமர்த்தியமாகப் பதில் சொன்னால் ‘இன்டெலிஜெண்ட்.’ மாப்பிள்ளை பட்டம் பெற்றவராயிருந்தால் ‘ஹைலி எஜுகேட்டட்.’ மூன்றும் ஒரே பொருளுடையவை என்று எண்ணியே நம் வீடுகளில் இச்சொற்களை வழங்குகிறோம். ஆங்கிலேயர் அப்படி எண்ணுவதில்லை. புத்தி, படிப்பு, ஞானம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பாஷையில் தனித்தனிச் சொற்கள் உண்டு. சில சொற்கள் மாலை சூட்டுகின்றன. சில, மாலைக்குள் முள்ளையும் வைத்துக் கட்டுகின்றன. வேற்றுமை அறியாமல் கடன் வாங்கினால், புகழ்வதாக நினைத்துக்கொண்டு இகழ்ந்துவிட நேரும்.

கெட்டிக்காரனும் ஞானியும்

‘கிளெவர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கெட்டிக்காரன் என்பது அதன் பொருள். ஆனால், 1755-ஆம் வருஷம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட டாக்டர் ஜான்ஸன், இதைத் தாழ்ந்த சொல் என்று ஒதுக்கினார். இன்றும் அதில் சிறிது சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1961-ல் பிரபுக்கள் சபையில் ஸால்ஸ்பரி பிரபு, தம் கட்சியைச் சேர்ந்த மந்திரி இயன் மக்லௌடை அளவுக்கு மீறிய ‘கிளெவர்’ என்று சொன்னபோது, கேட்டவர் எவரும் அதைப் பாராட்டு என்று நினைக்கவில்லை.

‘இன்டெலிஜெண்ட்’ என்பது லத்தீனிலிருந்து வந்தது. பலவற்றின் நடுவே ஆராய்ந்து பொறுக்கி எடுப்பவன் என்பது அதன் கருத்து. ‘எரூடைட்’ என்றால் மிகப் படித்தவர். முரட்டுத்தன்மை நீங்கப் பண்பட்டவர் என்பது அதன் வேர்ப்பொருள். எல்லாவற்றிலும் உயர்ந்தது ‘வைஸ்.’ படித்ததோடு நில்லாமல் வாழ்க்கையையும் கண்டறிந்தவருக்கே அது பொருந்தும். வடமொழியில் ‘வேதம்,’ ‘வித்யை’ ஆகிய சொற்களைப் பிறப்பித்த வேரும் இதன் வேரும் ஒன்றே என்பர் மொழி நூலார். ‘கிளெவர்’ என்று பத்து வயதுப் பையனையும் சொல்லலாம். ‘வைஸ்’ என்று சொல்லத் தலை சிறிது நரைக்கவேண்டும்.

வித்வான் மூடனான கதை

படித்தவரைப் பரிகசிப்பதிலும் அந்தப் பாஷை சளைத்ததன்று. மந்தபுத்திக்காரனை ‘டன்ஸ்’ என்கிறார்களே, அது ஒரு மகா வித்வானின் பெயர்! ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்பவர் ஆக்ஸ்போர்டிலும் பாரிஸிலும் போதித்த தத்துவ ஞானி, 1308-ல் காலமானார். சுமார் இரு நூறு வருஷங்களுக்குப் பின், புதிய கல்வியை விரும்பியவர்கள் பழமையை விடாத அவருடைய சீடர்களை ‘டன்ஸ்கள்’ என்று ஏளனம் செய்தார்கள். குருவின் பெயர் அப்படியே மக்குப் பையன்களுக்கு நிலைத்துவிட்டது.

படித்த பெண்களுக்கும் இந்தப் பரிகாசம் தப்பவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் எலிஸபெத் மான்டேகு முதலிய சீமாட்டிகள், சீட்டாட்டத்தை விலக்கி இலக்கியம் பேசும் கூட்டங்களை நடத்தினார்கள். அங்கே ஸ்டில்லிங்ஃப்ளீட் என்ற அறிஞர், நாகரிகமான கறுப்புப் பட்டுக் காலுறைக்குப் பதிலாகச் சாதாரண நீலக் கம்பளிக் காலுறை அணிந்து வருவாராம். ‘நீலக் காலுறை’ என்று பொருள்படும் ‘புளூ ஸ்டாக்கிங்’ என்பது அக்கூட்டத்துக்குப் பெயராயிற்று. பிறகோ, படித்த பெண்ணைக் குத்திக்காட்டும் சொல்லாக மாறியது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக முழுப் பட்டம் பெற 1948 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தால், அச்சொல்லின் முள் எவ்வளவு கூரியது என்று விளங்கும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1952-ஆம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில் நின்ற அட்லாய் ஸ்டீவன்ஸனையும் அவரை ஆதரித்த படிப்பாளிகளையும் ‘எக்ஹெட்,’ அதாவது முட்டைத் தலையர், என்று எதிர்க்கட்சியார் கேலி செய்தனர். ஸ்டீவன்ஸன் தோற்றார்.

நம் நாடு தந்த சொற்கள்

ஆங்கிலத்துக்கு நாமும் கடன் கொடுத்திருக்கிறோம். ‘மந்திரி’ என்ற சொல் மலாய் நாட்டுக்குப் போய், போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து, ‘மாண்டரின்’ ஆகி இங்கிலாந்தை அடைந்தது. இன்று லண்டனில் பெரிய சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு அது பெயர்.

‘பண்டிட்’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. தர்மசாஸ்திரத்தை எடுத்துச் சொல்ல ஆங்கிலேயர் தங்கள் நீதிஸ்தலங்களில் பண்டிதர்களை நியமித்திருந்தார்கள். 1864-ல் அந்தப் பதவி எடுக்கப்பட்டது. அதே காலத்தில் வேறொரு பண்டிட் இமயத்தைக் கடந்துகொண்டிருந்தார். அவர் நயின் சிங். குமாவூன் மலைநாட்டில் உபாத்தியாயராயிருந்தவர். வெளியார் நுழையக்கூடாதிருந்த திபெத்துக்குள் யாத்திரிகர் வேஷத்தில் புகுந்தார். ஜபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளி வழியை அளந்தார். குறிப்புகளைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்து வைத்தார். 1866-ல் லாஸாவை அடைந்து, அந்நகரின் இருப்பிடத்தையும் உயரத்தையும் கணித்தார். 1877-ல் லண்டன் ராயல் பூகோள சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. இன்றோ, டெலிவிஷனில் தேர்தல் முடிவைப் பற்றி நாள் முழுவதும் பேசுகிறவருக்கெல்லாம் ஆங்கிலத்தில் ‘பண்டிட்’ என்று பெயர்!

நயின் சிங் எந்தச் சர்வகலாசாலையிலும் பட்டம் வாங்கியவர் அல்லர். ‘ஹைலி எஜுகேட்டட்’ என்ற பெயருக்கு நம் வீட்டு அளவுகோலால் அவர் எட்டமாட்டார். அவருடைய அறிவைக் குறித்து யாருக்காவது ஐயம் உண்டா?

நம்மவரிடம் பரவியிருக்கும் ஒரு மயக்கத்தை இங்கே சொல்லவேண்டும். ஆங்கிலம் தடையின்றிப் பேசும் பிள்ளையைக் கண்டால் உடனே ‘இன்டெலிஜெண்ட்’ என்று முடிவு கட்டுகிறோம். திக்கிப் பேசும் பிள்ளையை ‘டல்’ என்று, அவன் காதில் விழும்படியே சொல்லிவிடுகிறோம். தடையின்றிப் பேசுவதற்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் ‘ஃப்ளூயண்ட்’; நீரைப்போல் ஓடுவது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. லண்டனில் ஐந்து வயதுக் குழந்தையும் அப்படித்தான் பேசுகிறது. பெற்றோர் அடுத்த முறை பிள்ளையின் மார்க்குப் பட்டியலைக் கையில் எடுக்கும்போது, எந்தச் சொல்லைச் சொல்லப்போகிறோம் என்று ஒரு கணம் யோசிப்பார்களாக. ‘டல்’ என்ற சொல்லைப் பிள்ளைகள் மறப்பதில்லை.