‘படிப்பு ஏறாத பிள்ளை’ எனும் தீர்ப்பு: தலித் மாணவர்களும் உதவி உபகரண உரிமையும்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் நிறுவப்பட்டு வருகின்றன. 2018 முதல் பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்படுகிறது. கைப்பேசியைக் காட்டினால் பாடத்தின் காணொளி திறக்கும். இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் அந்தத் திரையைக் காண இயலாத குழந்தைக்கும், அந்தக் காணொளியைக் கேட்க இயலாத குழந்தைக்கும், கண்ணும் காதும் நன்றாயிருந்தும் எழுத்துகளைக் கூட்டி வாசிக்க இயலாத குழந்தைக்கும் இந்த வகுப்பறை என்ன தருகிறது? அக்குழந்தை சேரியிலிருந்து வருபவராயின் கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது.

மாற்றுத்திறன் மாணவர்களுக்கான தொழில்நுட்பம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவியின் விலையில் தொடங்கி, கருவி வழங்கும் விழாவின் புகைப்படத்தில் முடிந்துவிடுகிறது. கருவிக்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்தக் குழந்தைக்குக் கருவி தேவை என்பதைக் கண்டறிவது யார்? வாசிக்கத் திணறும் குழந்தையைப் பார்த்து, ‘கண்ணைச் சோதிக்க வேண்டும், கற்றல் குறைபாடு உண்டா என அறிய வேண்டும்’ என்று ஆசிரியர் எண்ணினால் கருவிக்கான வழி திறக்கிறது. ‘அந்தத் தெருப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது’ என்று எண்ணினால் அவ்வழி அங்கேயே அடைபடுகிறது. சாதி ஓர் ஆயத்தமான விளக்கத்தை ஆசிரியர் கையில் கொடுத்துவிடுகிறது. விளக்கம் கிடைத்துவிட்ட இடத்தில் பரிசோதனை நடப்பதில்லை. பரிசோதனை நடக்காத இடத்திற்குக் கருவி வந்து சேர்வதில்லை.

எண்ணப்படாதவர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே இவ்விகிதம் 2.45 விழுக்காடு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதோரிடையே 2.18 விழுக்காடு. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அக்கணக்கெடுப்பு எட்டு வகைக் குறைபாடுகளை மட்டுமே கேட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தடங்கலை உண்டாக்கும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இச்சட்டத்தின் வழியாகவே பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே, ‘மக்கு’ என்று பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேர் இவ்வகையைச் சேர்ந்தவர்கள் என்பதை அந்த எண்களிலிருந்து அறிய இயலாது.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. காது சரியாகக் கேளாததால் பதில் சொல்லாத குழந்தை, முறையான பரிசோதனையின்றி ‘அறிவுசார் குறைபாடு’ உடையவராகப் பதியப்படலாம். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருவதாலும், வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவாலும் தடுமாறும் குழந்தைக்கும் இதே முத்திரை விழலாம். கண்டறியாமையும் தவறாகக் கண்டறிதலும் ஒரே அலட்சியத்தின் இரு முகங்கள்.

எவையெல்லாம் உதவி உபகரணம்?

உதவி உபகரணம் என்றதும் விலையுயர்ந்த மின்னணுக் கருவியை எண்ண வேண்டியதில்லை. பேனாவைப் பற்றிக்கொள்ள உதவும் தடித்த பிடி, சாய்வுப் பலகை, பெரிய எழுத்தில் நகலெடுத்த பாடம், உருப்பெருக்கி, பிரெய்ல் பலகையும் எழுத்தாணியும், கணக்கிடுவதற்கான மணிச்சட்டம் ஆகிய யாவும் உதவி உபகரணங்களே. இவற்றுள் பல சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

மின்னணு வகையிலும் விலையின்றிக் கிடைப்பவை உண்டு. திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். விண்டோஸ் கணினிகளுக்கான என்விடிஏ, லினக்ஸ் கணினிகளுக்கான ஆர்கா இரண்டும் இலவசம். என்விடிஏயுடன் இணைந்து வரும் ஈஸ்பீக் குரல்பொறி தமிழையும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் எனும் திரைவாசிப்பான் முன்பே உள்ளது. பேச்சு வராத குழந்தைகள், படங்களைத் தொட்டு அவற்றைச் சொல்லாக ஒலிக்கச் செய்யும் ‘ஆவாஸ்’ செயலி சென்னையில் உருவாக்கப்பட்டது, தமிழிலும் இயங்குகிறது. கற்றல் குறைபாடு உள்ள குழந்தை, பாடத்தைக் காதால் கேட்டுக்கொண்டே வரியைக் கண்ணால் தொடர்வதற்கும் எழுத்தை ஒலியாக்கும் இதே தொழில்நுட்பம் உதவும்.

ஆகவே, ‘நிதி இல்லை’ என்னும் பதிலை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பள்ளி ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் கணினியில் ஓர் இலவச மென்பொருளை நிறுவ ஒதுக்கீடு தேவைப்படாது. தேவைப்படுவது, அதைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் ஓர் ஆளும், அக்குழந்தை அந்த நாற்காலியில் அமர வேண்டும் என்னும் எண்ணமும்தான்.

தமிழுக்கே உரிய ஒரு தடையையும் சொல்ல வேண்டும். ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், திரைவாசிப்பானுக்கு அவை பொருளற்ற குறிகளே. படமாக வருடி ஏற்றப்பட்ட பக்கங்களும் அத்தகையவை. வினாத்தாள், பயிற்சித்தாள், சுற்றறிக்கை அனைத்தும் ஒருங்குறியில் வெளியிடப்பட வேண்டும் என்பது செலவில்லாத கோரிக்கை. காணொளிப் பாடங்களுக்கு எழுத்துவரிகளும் சைகைமொழி விளக்கமும் வேண்டும் என்பதும் அவ்வாறே நியாயமானது. பாடநூலை அணுகத்தக்க வடிவில் மாற்றுவது பதிப்புரிமை மீறலாகுமோ என்ற தயக்கமும் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக அவ்வாறு மாற்றுவதை, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது.

சட்டம் விதிக்கும் கடமை

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்று இடங்களை நாம் நன்கு அறிந்திருக்க வேண்டும். பிரிவு 16, குழந்தைகளிடம் உள்ள கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து, அதனைக் கடந்துவரத் தக்க கற்பித்தல் முறைகளை மேற்கொள்வதைக் கல்வி நிறுவனத்தின் கடமையாக்குகிறது. பெற்றோர் சொல்லித்தான் பள்ளி கண்டறிய வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. பிரிவு 17, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்ட மாணவர்களுக்கு 18 வயதுவரை நூல்கள், கற்றல் பொருள்கள், தக்க உதவி உபகரணங்கள் ஆகியவற்றை இலவசமாக வழங்கப் பணிக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு முதலிய தேர்வு மாற்றங்களும் இப்பிரிவில் அடங்கும். மூன்றாவது, ‘நியாயமான ஏற்பாடு’ என்னும் கோட்பாடு. அளவுமீறிய சுமையை ஏற்படுத்தாத வகையில், தேவையான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்பதே அதன் பொருள். பெரிய எழுத்து நகலோ, முன்வரிசை இருக்கையோ அளவுமீறிய சுமை என்று எந்தப் பள்ளியும் வாதிட இயலாது.

சான்றிதழ் இல்லாத குழந்தையின் நிலை என்ன? இங்கேதான் பலர் திருப்பி அனுப்பப்படுகின்றனர். சான்றிதழுக்காக மாவட்டத் தலைநகரில் நடக்கும் முகாமுக்குச் செல்வது, கூலி வேலை செய்யும் தாய்க்கு ஒரு நாள் வருமானத்தை இழப்பதாகும். மருத்துவர் வராத நாளில் அது இரண்டு நாள் இழப்பாகும். விகாஷ் குமார் எதிர் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த இடத்தில் நமக்குத் துணை நிற்கிறது. நியாயமான ஏற்பாட்டைப் பெறும் உரிமை 40 விழுக்காட்டு எல்லைக்குள் அடைபட்டதன்று. குறைபாடுள்ள ஒவ்வொருவருக்கும் உரியது என்று அத்தீர்ப்பு தெளிவாக்கியது. எனவே இலவச உபகரணம் கோரச் சான்றிதழ் தேவைப்படலாம். வகுப்பறையில் செய்யக்கூடிய மாற்றங்களுக்கு 40 விழுக்காட்டுச் சான்றைக் காட்டித் தட்டிக்கழிக்க இயலாது.

அலமாரிக்குள் கருவி

கருவி வந்து சேர்ந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. காதொலிக் கருவி தொலைந்துவிடும், கைக்கணினி உடைந்துவிடும் என்ற அச்சத்தில் தலைமையாசிரியரின் அலமாரியில் அவை பூட்டி வைக்கப்படுவதை நாம் களத்தில் காண்கிறோம். அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் அவை வெளியே வரும். காதொலிக் கருவிக்கு மின்கலம் மாற்ற வேண்டும்; குழந்தை வளர வளரக் காதின் அச்சும் மாற வேண்டும். பராமரிப்புக்கான ஏற்பாடு இல்லாமல் கொடுக்கப்படும் கருவி சில மாதங்களில் வெறும் பெட்டியாகிவிடும்.

கருவியை இயக்கப் பழக்குபவர் சிறப்பாசிரியர். 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்கநிலையில் 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 மாணவர்களுக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தைக் குறிப்பிட்டது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்குச் சுற்றிவந்து பணியாற்றுகின்றனர். அவர்களது பணிப் பாதுகாப்பின்மையும் நம் குழந்தைகளின் உரிமைப் பிரச்சினையே.

பொதுக் கருவிகளில் நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. வகுப்புக்கு ஒன்றாக உள்ள கருவியை யார் முதலில் தொடுகிறார், யாருக்கு முறை வருவதேயில்லை? பள்ளியில் தனிச் சாக்கில் அமர்த்தப்பட்டு, தண்ணீர்க் குழாயைத் தொட அனுமதிக்கப்படாத அம்பேத்கரின் பிள்ளைப்பருவத்தை நாம் அறிவோம். ‘நீ தொடாதே, கெட்டுவிடும்’ என்னும் சொல் இன்று ஒரு திரையைக் காட்டிச் சொல்லப்படுமானால் அதைத் தொழில்நுட்ப எச்சரிக்கையாகக் கொள்ள இயலாது. பட்டியல் சாதியினர் கல்வி நிறுவனத்தில் நுழைவதைத் தடுப்பதையும், பொதுப் பயன்பாட்டுப் பொருள்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(za) குற்றமாக்குகிறது. பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதை அச்சட்டமும், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு 92உம் ஏறத்தாழ ஒரே சொற்களில் தண்டனைக்குரியதாக்குகின்றன.

வீட்டுவழிக் கல்வி எனும் புதிய விலக்கம்

கைக்கணினியும் காணொளியும் வந்தபின் எளிய வழியொன்று முன்வைக்கப்படுகிறது: ‘பிள்ளை சிரமப்பட வேண்டாம், வீட்டிலிருந்தே படிக்கட்டும்.’ கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பன்முகக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்க இடமளிக்கிறது. தேர்வு செய்யும் உரிமை குழந்தைக்கு உரியது. பள்ளி தன் வசதிக்காக அதைத் திணிக்க இயலாது. ஊருக்கும் சேரிக்கும் இடையே ஏற்கெனவே ஒரு கோடு இருக்கும் நிலத்தில், தலித் குழந்தையை வீட்டிலேயே இருத்தும் தொழில்நுட்பம் அந்தக் கோட்டையே தடிப்பாக்கும். சாய்தளமும் போக்குவரத்து உதவியும் கேட்டுப் பெறுவதே முதல் வழி.

மனுவில் சாதியையும் எழுதுவோம்

2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்கொடுமையை விசாரித்த உச்ச நீதிமன்றம், சாதியும் பாலினமும் குறைபாடும் ஒன்றோடொன்று பின்னி ஒடுக்குவதை விரிவாக ஆராய்ந்தது. பாலியல் வன்கொடுமைக்கான தண்டனை உறுதி செய்யப்பட்டது. ஆனால் சாதியின் காரணமாகவே குற்றம் நிகழ்ந்தது என்பதற்குப் போதிய சான்றில்லை எனக் கூறி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அளிக்கப்பட்ட தண்டனையை நீதிமன்றம் நீக்கியது. நமக்கு இதில் பாடம் உண்டு. தொடக்க மனுவிலேயே சாதி தொடர்பான உண்மைகள், சொல்லப்பட்ட சொற்கள், நாள், இடம், சாட்சிகள் ஆகியவற்றோடு பதிவாக வேண்டும். பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவை விடுபட்டே போகும்.

உபகரணம் கோரும் மனு தலைமையாசிரியருக்கு எழுதப்பட வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ஆகியோருக்கு நகல் அனுப்ப வேண்டும். பள்ளி ஆதிதிராவிடர் நலத் துறையின்கீழ் இருப்பின் அத்துறையின் மாவட்ட அலுவலருக்கும் நகல் செல்ல வேண்டும். இரு துறைகளுக்கு இடையே மனு அலைக்கழிக்கப்படாமலிருக்க இது உதவும். குழந்தைக்கு எதில் தடை, என்ன கருவி அல்லது மாற்றம் தேவை, எந்தப் பிரிவின்கீழ் கோரப்படுகிறது என்பதைத் தெளிவாக எழுதி, ஒப்புகை பெற வேண்டும். பதில் இல்லையெனில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். அவரது பரிந்துரையின்மீது எடுத்த நடவடிக்கையை, அல்லது ஏற்காததற்கான காரணத்தை, உரிய அதிகாரி மூன்று மாதங்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். சாதிப் பாகுபாடு கலந்திருந்தால் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்தையும் அணுகலாம். உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரும் வழியும் உண்டு. அங்கே ஒப்புகை பெற்ற அந்த முதல் மனுவே நம் முதன்மை ஆவணம்.

இவை தனித்தனிப் பெற்றோரின் தோளில் மட்டும் ஏற்றத்தக்க சுமையன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒடுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடமளிக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. இக்கல்வியாண்டின் முதல் குழுக் கூட்டத்திலேயே மூன்று கேள்விகளை எழுப்பி, தீர்மானமாகப் பதியச் செய்வோம். நம் பள்ளியில் கண், காது, கற்றல் பரிசோதனை எந்நாளில் நடந்தது? வந்து சேர்ந்த கருவிகள் எத்தனை, அவை இன்று யார் கையில் உள்ளன? வாசிக்கத் திணறும் குழந்தைகளில் எத்தனை பேர் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டனர், எத்தனை பேர் ‘படிப்பு ஏறாதவர்கள்’ என்று விடப்பட்டனர்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத பள்ளிகளிலிருந்து நம் மனுக்கள் தொடங்கட்டும்.