பேச்சு தாமதமானால் தசையையும் பாருங்கள்

இரண்டரை வயதாகியும் பையனுக்குப் பேச்சு வரவில்லையென்றால் கொங்கு வட்டாரத்துப் பெரியவர்கள், “ஆம்பளப் பையன் மெதுவாத்தானுங்க பேசுவான், அவங்கப்பனும் அப்படித்தான்” என்று தேற்றுவார்கள். பெரும்பாலும் அது பலித்தும்விடுகிறது. பலிக்காமல் போகிற சிலருக்காகச் சொல்கிறேன்: பேச்சோடு நடையும் பிந்துகிற ஆண் குழந்தைக்குக் காதைப் பரிசோதிப்பதோடு நிறுத்தாமல், சி.கே. (கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி) அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை செய்துவிட வேண்டும். ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் டுஷேன் தசைச்சிதைவு நோயை அது காட்டிக்கொடுக்கும்.

தசை நோய்க்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1861-ல் இந்த நோயை விவரித்தபோது, காரணம் மூளையில் இருப்பதாகவே நினைத்தார். பிறகு கோளாறு தசையில் என்று தெளிவானது. மூளையை மருத்துவ உலகம் ஏறக்குறைய மறந்தே போனது. 1980-களின் பிற்பகுதியில் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதமும் அதன் மரபணுவும் கண்டறியப்பட்டன. எக்ஸான்கள் எனப்படும் 79 துண்டுகள் கொண்ட அந்த மரபணு, மனித மரபணுக்களில் மிக நீளமானவற்றுள் ஒன்று. அது தசைக்கு மட்டுமல்ல, மூளைக்கும் தனி வடிவங்களில் இந்தப் புரதத்தைத் தயாரிக்கிறது. பிழை மரபணுவின் கடைசிப் பகுதியில் அமைந்தால் மூளைக்கான வடிவங்களும் கெடுகின்றன. கற்றல் சிரமம் கூடுகிறது. இந்தச் சிறுவர்களின் சராசரி நுண்ணறிவு அளவு பொதுச் சராசரியைவிடச் சுமார் 15 புள்ளி குறைவு. ஆட்டிசமும் கவனக்குறைவுக் கோளாறும் மற்ற பிள்ளைகளைவிட இவர்களிடம் அதிகம். நல்ல கூர்மையான பையன்களும் இவர்களில் நிறையப் பேர் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி எழுவது, கெண்டைக்கால் பருப்பது, படியேறத் திணறுவது எல்லாம் கண்ணில் படுவதற்கு முன்பே பலருக்குப் பேச்சு பிந்தியிருக்கும். சி.கே. அளவோ பிறந்ததிலிருந்தே பல மடங்கு உயர்ந்திருக்கும். தசையிலிருந்து கசியும் வேறு நொதிகளைப் பார்த்துவிட்டு, கல்லீரல் கோளாறு என்று மாதக்கணக்கில் அலைய விடப்படும் குழந்தைகளும் உண்டு. சில நூறு ரூபாய்ப் பரிசோதனை அந்த அலைச்சலைத் தவிர்க்கும்.

“குணமாக்க மருந்தில்லாத நோயை முன்கூட்டியே தெரிந்து என்ன பண்றதுங்க?” என்ற கேள்வி நியாயமானது. 2023-ல் அமெரிக்கா அனுமதித்த மரபணு சிகிச்சையும் நோயை முழுதாக மாற்றிவிடவில்லை. ஆனால் உரிய வயதில் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து, பையன் நடக்கும் ஆண்டுகளை நீட்டிக்கிறது. இதயத்தையும் நுரையீரலையும் தொடர்ந்து கண்காணித்தால் ஆயுளும் கூடுகிறது. பத்து வயதில் தெரிந்துகொண்டால் இவற்றில் பாதி கைநழுவிப் போயிருக்கும். அதற்குள் அதே வீட்டில் அடுத்த குழந்தையும் பிறந்திருக்கலாம்.

வீட்டுக்குள் எழும் பழிச்சொல்லுக்கும் பதில் வேண்டும். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பார்கள். இந்த நோய்க்கு அது காரணமல்ல. பிழை எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய்வழியாக மகனுக்கு வருகிறது. கூட்டம் (குலப் பிரிவு) பார்த்துச் சம்பந்தம் செய்வதும் இதைத் தடுக்காது, கூட்டம் தந்தைவழி அல்லவா? அப்படியானால் குற்றம் தாயுடையது என்று முடிவுகட்டுவதும் தவறு. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குப் பிழை புதிதாகவே தோன்றுகிறது. மற்றவர்களிலும் தான் தாங்கி வந்ததைத் தாய் பெரும்பாலும் அறிந்திருக்க மாட்டாள். அவளுடைய அக்கா தங்கைகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இதற்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ ஓட வேண்டியதில்லை. டுஷேன் நோய்க்கான மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் எம்.டி.சி.ஆர்.சி. மையம், பி.ஆர். லட்சுமியின் முயற்சியில் கோவையிலேயே உருவானது. பெரும்பாலான பிழைகள் ரத்த மாதிரியிலேயே தெரிந்துவிடுவதால், தசையை வெட்டி எடுத்துப் பார்க்கும் வேதனை அநேகருக்கு மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் முத்திரை குத்திவிடுவார்களே என்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. நோயின் பெயர் தெரியாத பையனுக்குச் சோம்பேறி, மக்கு என்ற முத்திரைகள் ஏற்கெனவே விழுந்துவிடுகின்றன என்பதுதான் உண்மை. தசைச்சிதைவும் கற்றல் குறைபாடும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றவை; சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். தசைபோல மூளை நாளுக்கு நாள் நலிவதில்லை, ஆகவே வாசிக்கச் சொல்லித்தரும் உழைப்பு வீண்போகாது. காதால் கேட்டதை மனத்தில் நிறுத்துவதுதான் இவர்களுக்குக் கடினம். “நோட்டை எடு, தேதி போடு, மூணாவது கணக்கைச் செய்” என்று ஒரே மூச்சில் சொல்லாமல், ஆசிரியர் ஒன்று முடிந்தபின் அடுத்ததைச் சொன்னால் பையன் மூன்றையும் செய்துவிடுவான்.