மின்னணுப் பொருள்கள்: பாதுகாப்புக்குச் சான்று உண்டு, உழைப்புக்கு இல்லை

புது தில்லி: பி.எல்.-5சி ரகத்தைச் சேர்ந்த 4.6 கோடி கைப்பேசி பேட்டரிகளை மாற்றித் தரத் தயார் என 2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம் அறிவித்தது. மின்னேற்றத்தின்போது அவை அளவுக்கு மீறிச் சூடானதாக உலகெங்கிலும் இருந்து வந்த புகார்கள் ஏறத்தாழ 100தான். ஆயினும், நோக்கியா என்ற பெயரையே தரச் சான்றாகக் கருதிய இந்தியாவில் பெரும் பீதி பரவியது.

அந்த பேட்டரிகளைத் தயாரித்தது ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம். மேலே ஒருவர் பெயர். உள்ளே வேறொருவர் சரக்கு. கைப்பேசி பேட்டரியை இந்தியத் தரநிலைப்படி சோதித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை.

கட்டாயப் பதிவு ஆணையை மத்திய அரசு 2012-இல்தான் பிறப்பித்தது. மறு ஆண்டு அது அமலுக்கு வந்தது. மடிக் கணினி, அச்சுப்பொறி, மைக்ரோவேவ் அடுப்பு என 15 வகைப் பொருள்களுடன் தொடங்கிய அப்பட்டியலில் கைப்பேசியும் பேட்டரியும் பிறகே சேர்ந்தன.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் அதன் அடிப்படையிலேயே உள்ளது. ஐஎஸ்ஐ முத்திரை தருவதற்கு முன் இந்திய தர நிர்ணய அமைவன அதிகாரிகள் ஆலையைப் பார்வையிடுவர். மின்னணுப் பொருள்களுக்கு அது கட்டாயமில்லை. தயாரிப்பாளர் கொடுக்கும் மாதிரி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தேறினால் பதிவு எண் கிடைத்துவிடும். தேர்வுக்கு வரும் மாணவரைப் பள்ளியே பொறுக்கி அனுப்புவது போன்றதுதான் இது. பிறகு சந்தையிலிருந்து மாதிரிகள் எடுத்துச் சோதிக்கப்படுவது உண்மையே. ஆனால், சோதனை மின்னதிர்ச்சி, தீ போன்ற அபாயங்களைப் பற்றியது மட்டுமே. கருவி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கு அந்த எண் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

பெரிய பெயர்களும் தப்பவில்லை. 2016-இல் தீப்பிடித்த சாம்சங் நோட்-7 கைப்பேசிகளைத் திரும்பப் பெற்ற நிறுவனம், வேறொரு தயாரிப்பாளரின் பேட்டரி பொருத்தியவற்றை மாற்றாகத் தந்தது, அவற்றிலும் தீப்பிடித்தது. இரு பேட்டரிகளிலும் வெவ்வேறு குறைபாடுகள் இருந்ததாக 2017 ஜனவரியில் அந்நிறுவனமே தெரிவித்தது. அதே 2016 செப்டம்பரில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில் பழைய நோட்-2 கைப்பேசி ஒன்று புகைந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு முக்கியமான ஓட்டையை அடைத்தது. பிறர் செய்த பொருளின் மீது தன் பெயரைப் பொறித்து விற்பவரும் தயாரிப்பாளராகவே கருதப்படுவார். குறைபாட்டால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு அவருக்கும் உண்டு. ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் அதிகாரத்துடன் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2020-இல் அமைந்தது.

சட்டம் இருந்தும் சரக்கு நுழைகிறது. 2025 மார்ச்சில் தில்லி, திருவள்ளூர் உள்ளிட்ட இடங்களில் இணைய வணிக நிறுவனங்களின் கிடங்குகளில் நடந்த சோதனைகளில், உரிய தர முத்திரை இல்லாத பொருள்கள் ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்யப்பட்டன. நுகர்வோர் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். கடைக்காரர் அதை எடுத்துச் சொல்வார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

எஞ்சியிருப்பது ஆயுள், பழுது பற்றிய கேள்வி. கைப்பேசிகளை எவ்வளவு எளிதில் பழுது பார்க்க முடியும் என்பதற்கு மதிப்பெண் தரும் திட்டம் குறித்து ஆராய்ந்த குழு 2025-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் அறிக்கை அளித்தது. அந்த மதிப்பெண்ணை நிறுவனங்கள் தாங்களே அறிவித்துக்கொள்ளலாம் என்பது அதன் பரிந்துரை.