புதிய இயங்குதளத்தை நாமே நிறுவ முடியுமா? அறிய வேண்டியவை

தாபோடி (புனே): விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதியும், குறிப்பிட்ட ப்ராசஸர்களும் தேவை. இதனால் நன்றாக இயங்கும் பழைய கணினிகள் பலவும் பாதுகாப்பு மேம்பாடுகளை இழக்கும் நிலையில் உள்ளன.

இதற்கு மாற்றாகக் கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளங்கள் உள்ளன. புனேவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' இயங்குதளத்தை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இதனைப் பயன்படுத்தலாம். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸுடன் 'பாஸ்' இடம்பெற்றது.

எளிதானது எது?

இயங்குதளக் கோப்பைப் பதிவிறக்கி, அதற்குரிய மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுத வேண்டும். பென்டிரைவில் ஏற்கெனவே உள்ளவை அப்போது அழிந்துவிடும். பின்னர் கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்து தொடங்கினால், மொழி, நேர மண்டலம், கடவுச்சொல் ஆகியவற்றைத் திரையே வரிசையாகக் கேட்கும். பெரும்பாலான கணினிகளில் ஒரு மணி நேரத்திற்குள் பணி முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே?

பென்டிரைவிலிருந்து தொடங்குவதற்கான விசை, நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். எஃப்2, எஃப்12, எஸ்கேப் ஆகியவை பொதுவானவை. அடுத்த சிக்கல் வைஃபை. அதற்குத் தேவையான தனியுரிமை மென்பொருள்களை டெபியன் தனது அதிகாரபூர்வ நிறுவல் தொகுப்பில் 2023-இல் வெளியான 12-ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. எனவே பழைய பதிப்புகளைத் தவிர்ப்பது நல்லது. நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கும் 'லைவ்' முறையில் வைஃபை, ஒலி, பிரிண்டர் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளலாம்.

திரும்பப் பெற இயலாத படி

வட்டைப் பிரிக்கும் கட்டமே மிகுந்த கவனத்திற்குரியது. 'முழு வட்டையும் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸுடன் புகைப்படங்களும் ஆவணங்களும் அழிந்துவிடும். எனவே முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். விண்டோஸைத் தக்கவைத்துக்கொண்டு லினக்ஸையும் நிறுவ விரும்புவோர், பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டையும் முன்னதாகக் குறித்துவைப்பது அவசியம்.

அலுவலகப் பணிக்கு விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள் தேவைப்படுவோர், முழுமையாக மாறும் முன் அதற்கு மாற்று உண்டா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.