கம்பஸுக்குப் போன பிள்ளை ஏன் தடுமாறுகிறது?

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஆறுதலாய்க் கேளுங்கோ. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ வளர்ந்து, உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை முதல் வருடத்திலேயே தடுமாறுகிறது. மூன்று வார அவகாசம் தந்த ஒப்படையைக் கடைசி இரவில்தான் கையில் எடுக்கிறது. வீட்டில் அதைப் ‘பஞ்சி’ என்கிறார்கள்.

சில பிள்ளைகளுக்கு இதன் பின்னால் ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு மிகையியக்க நிலை இருக்கலாம். அப்படியான பிள்ளையைப் பஞ்சி பிடித்தது என்று சொல்வது அநியாயம். அது மூளை வளர்ச்சியிலேயே உள்ள வேறுபாடு. பிடித்த விடயத்தில் மணிக்கணக்காய் மூழ்கும் அதே பிள்ளைக்கு, பிடிக்காத வேலையைத் தொடங்குவதும் நேரத்தைக் கணிப்பதும் மலையாய்த் தெரியும். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஏன் இப்போது வெளியே வருகிறது? ஊரில் பிள்ளையின் நேரத்தை மற்றவர்கள் பிடித்துவைத்திருந்தார்கள். குறிகட்டுவானுக்குப் போகும் படகு யாருக்கும் காத்திராது. வாத்தியார் வாராவாரம் கொப்பி பார்ப்பார். விடிய அம்மா எழுப்புவா. திருநெல்வேலி வாடகை அறையில் இவை எதுவும் இல்லை.

மாணவர்களே, அந்தப் பிடியைத் திரும்பக் கட்ட வேண்டும். ‘நாளைக்குப் படிப்பேன்’ என்பது போதாது. ‘நாளை 4 மணிக்கு, நூலகத்தில், முதல் இரண்டு பக்கம்’ என்று எழுதுங்கள். ஒப்படையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் எந்த நாளில் எந்த நண்பரிடம் காட்டுவது என்று முடிவுசெய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து தன் பாட்டுக்குப் படித்தாலே தொடங்குவது இலகுவாகும். 20 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் நடை. கைத்தொலைபேசி வேறு அறையில். ஊருக்குப் போகும் நாளில் ஒரு துண்டை முடித்துவிட்டே படகு ஏறுங்கள். முழுவதையும் வீட்டில் செய்யலாம் என்று சுமந்துகொண்டு போகாதீர்கள்.

ஆனால் நீங்களாகவே பெயர் சூட்டிக்கொள்ளாதீர்கள். இழப்பு, பதற்றம், மனச்சோர்வு, நித்திரைக் குறைவு எல்லாமே கவனத்தைக் குலைக்கும். உளமருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. பழைய தேர்ச்சி அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போங்கள்; சிறுவயதுக் கதைதான் அங்கே முக்கியம். தேவைப்பட்டால் மீதைல்பெனிடேற் போன்ற மருந்து தருவார்கள். அதை அவர்களின் கண்காணிப்பில் மட்டும் எடுக்க வேண்டும்.

பெற்றோரே, தொலைபேசியில் ‘படிச்சியா?’ என்று கேட்டால் பிள்ளை பொய் சொல்லப் பழகும். ‘இண்டைக்கு எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம்?’ என்று அன்பாய்க் கேளுங்கோ. அந்தக் கேள்வி பிள்ளைக்கு ஒரு பிடியாக இருக்கும்.