பதின் பருவத்து வாசகர்கள் – 9: ரென் நகரத்து நடுவர்கள்

பிரான்சில் ஆண்டுதோறும் செப்டம்பரில் பள்ளி திறந்த கையோடு, ஐம்பதுக்கும் மேற்பட்ட வகுப்பறைகளுக்குப் புத்தகக் கட்டுகள் வந்து இறங்குகின்றன. ஒவ்வொரு கட்டிலும் பதினைந்தை ஒட்டிய நாவல்கள். எல்லாம் அந்தப் பருவத்தில் கடைக்கு வந்த புதுப் புத்தகங்கள். உரைநூல் கிடையாது, வினா விடை கிடையாது. ஆசிரியரே அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கப்போகிறார். பதினைந்திலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள சுமார் 2,000 மாணவர்கள் ஏறக்குறைய இரண்டு மாதங்களில் இவற்றைப் படித்து, தங்களுக்குள் வாதாடி, ஒரே ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குக் கிடைப்பது 'கோன்கூர் தே லிசேயன்'. மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் கொடுக்கும் கோன்கூர் பரிசு.

பெரியவர்களின் கோன்கூர் 1903இலிருந்து வழங்கப்படுகிறது. பத்துப் பேர் கொண்ட அகாதெமி பாரிஸில் ட்ருவான் உணவகத்தில் கூடி முடிவெடுக்கும். வென்றவருக்குப் பத்து யூரோவுக்குக் காசோலை. பணம் பெயரளவுக்குத்தான் என்றாலும் அந்தப் பெயருக்காகவே புத்தகம் லட்சக்கணக்கில் விற்கும். மாணவர் பரிசு பாரிஸில் பிறக்கவில்லை. பிரிட்டனி பகுதியின் ரென் நகரில், ஃப்னாக் புத்தகக் கடையும் அந்த வட்டாரக் கல்வித் துறையும் சேர்ந்து 1988இல் தொடங்கின. அகாதெமி செப்டம்பரில் வெளியிடும் முதல் பட்டியல் எதுவோ, அதே பட்டியல்தான் மாணவர்களுக்கும். வயதுக்கேற்ற பட்டியல் என்று தனியாக ஒன்று தயாரிக்கப்படவில்லை. இந்தப் பரிசின் உயிரே இந்த முடிவில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இளையோருக்கென்று எழுதப்பட்ட நூல்களைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது வேறு. நாட்டின் மூத்த எழுத்தாளர்கள் எதைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிறார்களோ, அதையே கையில் கொடுத்து "நீங்களும் சொல்லுங்கள்" என்பது முற்றிலும் வேறு.

பங்கேற்பவர்கள் இலக்கியம் படிப்பவர்கள் மட்டுமல்ல. அறிவியல் படிப்பவர்கள், தொழிற்கல்வி படிப்பவர்கள், வேளாண் பள்ளி மாணவர்கள் எல்லாரும் உண்டு. அதுவரை ஒரு நாவலைக்கூட முழுதாகப் படித்து முடிக்காத பிள்ளையும் வகுப்பில் இருக்கிறது என்பதால் தானாகவே நடுவராகிறது.

பிரெஞ்சு மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அறிய அவர்களுடைய பொதுத் தேர்வைப் பார்க்க வேண்டும். பள்ளி இறுதிக்கு முந்தைய ஆண்டிலேயே பிரெஞ்சு மொழித் தேர்வு வந்துவிடும். எழுத்துத் தேர்வு நான்கு மணி நேரம், வாய்மொழித் தேர்வு இருபது நிமிடம். பனுவலை எப்படிப் பகுக்க வேண்டும், கட்டுரையை எப்படி அடுக்க வேண்டும் என்று கறாரான முறை உண்டு. அந்தப் பயிற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நூலின் மதிப்பு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பாடத்தில் இருக்கிறது என்றால் அது நல்ல நூல். ஏன் நல்லது என்று விளக்குவது மட்டுமே மாணவரின் வேலை. கோன்கூர் கட்டில் வரும் நாவல் நல்லதா என்றே யாருக்கும் தெரியாது. "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்ற வாக்கியம் அங்கே முதல்முறையாகச் செல்லுபடியாகிறது. சொன்ன கையோடு "ஏன்?" என்ற கேள்வியும் வரும். கேட்பது ஆசிரியராக இருக்கத் தேவையில்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கேட்பார், ஏனென்றால் அவருக்கு அது பிடித்திருக்கிறது.

இடையில் பல நகரங்களில் எழுத்தாளர்களுடன் சந்திப்புகள் நடக்கும். பிறகு ஒவ்வொரு வகுப்பும் மூன்று நாவல்களைத் தேர்ந்து, ஒரு பிரதிநிதியை வட்டாரக் கூட்டத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து சிலர் தேசிய அளவிலான இறுதிக் கூட்டத்துக்குப் போகிறார்கள். விவாதம் மூடிய கதவுக்குள். பிரதிநிதியின் நிலையை யோசித்துப் பாருங்கள். தனக்குப் பிடித்த நூல் வகுப்பில் தோற்றுப்போயிருக்கலாம். அப்போதும் வகுப்பு தேர்ந்ததற்காக அவர் வாதாட வேண்டும். வகுப்பின் மூன்று நூல்களும் வட்டாரத்தில் விழுந்துவிட்டால், நேற்றுவரை எதிர்த்த நூல்களுக்குள் ஒன்றுக்குக் கை தூக்க வேண்டும். கருத்து வைத்திருப்பதும் அதை அடுத்தவரிடம் கொண்டுசேர்ப்பதும் இருவேறு வேலைகள். இரண்டாவதை இவ்வளவு தீவிரமாகக் கற்பிக்கும் பள்ளிப் பயிற்சி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இனி அவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்று பார்ப்போம். முதல் ஆண்டில் மாணவர்களும் அகாதெமியும் எரிக் ஓர்சென்னாவின் ஒரே நாவலில் வந்து நின்றார்கள். 1995இல் ஆந்திரேய் மக்கீனின் நாவலுக்கும் இரண்டு பரிசுகளும் கிடைத்தன. ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டு தீர்ப்பும் இரண்டு திசையில் போகின்றன. (தலைப்புகளைத் தமிழில் பொருள் தந்து எழுதுகிறேன்.)

2000ஆம் ஆண்டு மாணவர்கள் தேர்ந்தது ஐவரி கோஸ்ட் எழுத்தாளர் அஹ்மது குரூமாவின் 'அல்லாவுக்குக் கட்டாயமில்லை'. கதை சொல்பவன் பிராஹிமா என்ற சிறுவன். தனக்குப் பத்து வயதா பன்னிரண்டா என்று அவனுக்கே தெரியாது. லைபீரியாவிலும் சியரா லியோனிலும் கையில் துப்பாக்கியோடு அலையும் குழந்தைப் போராளி. நான்கு அகராதிகளை வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சொற்களை ஆப்பிரிக்கர்களுக்கும் ஆப்பிரிக்கச் சொற்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்கும் விளக்கியபடியே கதையைச் சொல்லுகிறான். வசையும் கொலையும் நிறைந்த, எளிதில் உள்ளே விடாத நடை. குரூமா இந்த நூலை ஜிபூத்தி நாட்டுக் குழந்தைகளுக்குச் சமர்ப்பித்தார். அவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் எழுதினார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் குழந்தைகள் கேட்டு எழுதிய நாவலுக்கு இன்னொரு கண்டத்துப் பிள்ளைகள் பரிசு கொடுத்தார்கள். இந்தப் பரிசின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிரியமான ஆண்டு இதுதான்.

2016இல் காயெல் ஃபேயின் 'சின்ன நாடு'. 1990களின் புருண்டி, உள்நாட்டுப் போருக்குள் சிக்கும் ஒரு சிறுவனின் குடும்பம், எல்லைக்கு அப்பால் ருவாண்டாவின் படுகொலை. 2017இல் அலிஸ் செனித்தேர் எழுதியது, அல்ஜீரியாவிலிருந்து பிரான்சுக்கு வந்த குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. 2018இல் டேவிட் தியோப். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்ட செனெகல் வீரன் ஆல்ஃபா, வயிறு கிழிந்து கிடக்கும் நண்பன் தன்னைக் கொன்றுவிடும்படி மூன்று முறை கெஞ்சியும் மறுக்கிறான். அந்தக் குற்ற உணர்வு அவனை எங்கே கொண்டுபோகிறது என்பதுதான் நாவல். அகாதெமி அந்த ஆண்டு வேறொரு நூலைத் தேர்ந்தது. தியோப் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2021இல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. மாணவர்கள் அதற்கு மூன்றாண்டு முன்பே சொல்லிவிட்டார்கள்.

2020இல் பரிசு பெற்ற ஜைலி அமாது அமால் கேமரூன் நாட்டவர். பதினேழு வயதில் கட்டாயத் திருமணம் செய்துவைக்கப்பட்டவர். முதலில் கேமரூனில் வெளியான அவருடைய நாவல் பிறகு பிரான்சில் 'பொறுமையற்ற பெண்கள்' என்று வந்தது. மூன்று பெண்கள், மூன்று திருமணங்கள். மூவருக்கும் ஊரும் உறவும் ஓதுவது ஒன்றே, பொறுத்துக்கொள். அவர்களில் ரம்லாவுக்குப் பதினேழு வயது. மேலே படிக்க ஆசைப்பட்டவளை மூத்த செல்வந்தர் ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். நடுவர்களில் பலருக்கும் அதே வயதுதான்.

போர், இனப்படுகொலை, நாடு இழத்தல், குடும்பம் மறைத்த ரகசியம். இளையோர் லேசான புத்தகத்தைத்தான் விரும்புவார்கள் என்று சொல்பவர்களுக்கு நான் இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன். பக்க எண்ணிக்கையும் அவர்களை மிரட்டவில்லை. 2009இல் தேர்ந்த குனாசியாவின் நாவல் 700 பக்கத்தைத் தாண்டியது. 2012இல் தேர்ந்த ஜொயெல் டிக்கரின் துப்பறியும் நாவல் 600 பக்கத்துக்கு மேல்.

மனத்தை உருக்கும் கதைக்கு ஓட்டுப் போடுகிறார்கள், எழுத்துக் கலைக்கு அல்ல என்று இதற்கு ஒரு மறுப்புச் சொல்லலாம். குரூமாவைத் தேர்ந்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. உருகுவதால்தான் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன் கூச்சத்தை விட்டு எழுந்து நின்று ஒரு நூலுக்காகப் பேசுகிறது. அதை ஏன் குறையாக எண்ண வேண்டும்?

வேறொரு கேள்விதான் எனக்கு உண்மையில் கடினமாக இருக்கிறது. பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்த தானியேல் பெனாக் 1992இல் வாசிப்பைப் பற்றி எழுதிய நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகளை வரிசைப்படுத்தினார். படிக்காமல் இருக்கும் உரிமை முதலாவது. பாதியில் விடும் உரிமை உண்டு. கடைசி உரிமை, படித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது. இரண்டு மாதத்தில் பதினைந்து நாவல் என்ற கெடு இவை எல்லாவற்றுக்கும் எதிரானது. சில நூல்கள் ஒருவருக்குள் இறங்கிப் பேச்சாக மாறப் பல வருடங்கள் ஆகும். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையை நவம்பருக்குள் பேசு என்பது அநியாயம்தான். வகுப்பாகச் சேர்ந்து படிப்பது இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது என்று நம்புகிறேன். ஐம்பதாம் பக்கத்தில் மூடிவைத்தவர் அதைச் சொல்லலாம், அதுவும் ஒரு விமர்சனம். பேச விரும்பாதவர் வாக்கைப் போட்டுவிட்டு அமைதியாக இருக்கலாம்.

ஃப்னாக் ஒரு வணிக நிறுவனம், பரிசு பெற்ற நூல் அதன் அலமாரியிலும் நன்றாக விற்கும். இதை மறைக்கத் தேவையில்லை. விற்பனை கூடுவதாலேயே மாணவர்களின் தீர்ப்பைப் பதிப்பாளர்கள் பொருட்படுத்துகிறார்கள். தன் சொல்லால் ஒரு நாவலின் கதி மாறுகிறது என்று தெரிந்து பேசும்போது பேச்சில் ஒரு பொறுப்பு வருகிறது. மதிப்பெண்ணுக்காகப் பேசும்போது அது வருவதில்லை.

அடுத்த வாரம் ஜப்பான். 2007இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பள்ளிகளுக்கும் பரவிய 'பிப்லியோபேட்டில்' என்ற புத்தகப் போட்டி. ஒரு புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். முடிவில் வாக்களிப்பது யார் நன்றாகப் பேசினார்கள் என்பதற்காக அல்ல, எந்தப் புத்தகத்தைப் படிக்கத் தோன்றியது என்பதற்காக.