இருதய வரைபடத்தைப் படிக்கும் முறை

இருதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்னும் அதன் தசைகளினூடே மெல்லிய மின் அலை ஒன்று பரவுகிறது. உடலின் மேற்பரப்பை வந்தடையும்போது அதன் அளவு ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட்டே இருக்கும். இச்சிறு மின்விசையைக் காகிதத்தின் மீது கோடாகப் பதிவு செய்வதே மின் இருதய வரைபடம். ஈ.ஸி.ஜி. என்று மக்கள் வழங்குவதும் இதையே. வரைபடம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். அதைப் படிப்பதற்கு ஒழுங்கான பயிற்சி வேண்டும்.

மனித இருதயத்தின் மின்னசைவை அகஸ்டஸ் வாலர் என்பார் லண்டனில் 1887ஆம் ஆண்டில் பதிவு செய்து காட்டினார். அவர் கையாண்ட பாதரசக் கருவி மந்தமானது. விரைந்த அசைவுகளை அது உள்ளவாறு காட்டவில்லை. ஹாலந்து நாட்டு லெய்டன் நகரப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன், வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழையைக் காந்தப் புலத்தின் நடுவே அமைத்து இக்குறையைப் போக்கினார். அவரது கருவி சுமார் 270 கிலோகிராம் எடையுள்ளது. அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தது. நோயாளி இரு கைகளையும் இடக் காலையும் உப்பு நீரில் அமிழ்த்தியவாறு அமர்ந்திருப்பார். நோயாளிகளைக் கருவியிடம் கொணர்வது எளிதன்று. ஆகவே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகவே 1905இல் அலைகளைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். இன்று கிராமச் சுகாதார நிலையத்தில் எடுத்த வரைபடம் கைபேசி மூலம் நகர மருத்துவருக்குச் செல்வதற்கு இதுவே முன்னோடி எனலாம். ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

வரைபடக் காகிதத்தில் நீளம் என்பது காலம்; உயரம் என்பது மின்னழுத்தம். காகிதம் வழக்கமாக விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. எனவே ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கட்டம் 0.04 விநாடியையும், ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடியையும் குறிக்கும். பத்து மில்லிமீட்டர் உயரம் ஒரு மில்லிவோல்ட்டாகும். பள்ளியில் பயன்படும் வரைபடத் தாளைக் கொண்டே ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவருக்கு விளக்கலாம். அடுத்தடுத்த இரு ஆர் முனைகளுக்கு இடையே நான்கு பெரிய கட்டங்கள் இருப்பின், 300ஐ நான்கால் வகுக்க, நிமிடத்துக்கு 75 துடிப்பு எனக் கிடைக்கும். துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் இம்முறை பயன்படாது. அப்போது 30 பெரிய கட்டங்களில், அதாவது ஆறு விநாடிகளில், உள்ள ஆர் முனைகளை எண்ணிப் பத்தால் பெருக்குதல் வேண்டும்.

பி அலை இருதயத்தின் மேலறைகள் தூண்டப்படுவதைக் குறிக்கும். க்யூ.ஆர்.எஸ். தொகுதி கீழறைகளின் தூண்டல். டி அலை அவை மீண்டும் பழைய நிலையடைதல். பி அலையின் தொடக்கத்திலிருந்து க்யூ.ஆர்.எஸ். தொடங்கும் வரை 0.12 முதல் 0.20 விநாடி செல்வது பெரியவர்களுக்கு இயல்பு. அதற்கு மேல் நீடித்தால், மேலறையிலிருந்து கீழறைக்குத் தூண்டல் தாமதமாகச் செல்கிறது என்று அறியலாம்.

புதிதாகப் பயில்வோர் கண்ணில் முதலில் படுவது உயர்ந்த முனைகளே. அவற்றில் மயங்கி வரிசையைக் கைவிடுவதால்தான் பல பிழைகள் நேர்கின்றன. நோயாளியின் பெயர், வயது, எடுத்த நேரம், காகித வேகம், அளவுக் குறி ஆகியவற்றைப் பார்த்த பின்னரே அலைகளுக்குச் செல்லுதல் நலம். கைகளில் இணைக்கும் கம்பிகள் இடம் மாறிவிட்டால் முதல் லீட்டில் பி அலையும் க்யூ.ஆர்.எஸ். தொகுதியும் தலைகீழாகத் தோன்றும். இதனை நோயின் அடையாளமாகக் கருதி ஒருவரை வீணே அச்சுறுத்துவதைவிட, கம்பிகளைச் சரிபார்த்து மீண்டும் எடுப்பதே அறிவுடைமை. குளிரால் நடுங்கும் நோயாளியின் தசையசைவும் அடிக்கோட்டைக் கலைத்துவிடும். சிறுவர்க்கும் இளைஞர்க்கும் மூச்சுக்கு ஏற்பத் துடிப்பின் இடைவெளி மாறுதல் இயல்பேயன்றி நோயன்று.

நெஞ்சு வலியுடன் வருபவரிடம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது எஸ், டி இவற்றுக்கு இடைப்பட்ட பகுதி. அது வழக்கமாக அடிக்கோட்டை ஒட்டியே செல்லும். இருதயத்தின் ஒரே சுவரைக் காட்டும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட லீட்டுகளில் அப்பகுதி உயர்ந்து நின்றால், இரத்தக் குழாய் முற்றிலும் அடைபட்டிருக்கலாம் என்று ஐயுறல் வேண்டும். இரண்டாம், மூன்றாம் லீட்டுகளில் உயர்வு தென்பட்டால் அடிப்புறச் சுவரும், மார்பு லீட்டுகளில் தென்பட்டால் முன்புறச் சுவரும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அடைப்பு நீங்கும்வரை தசை அழிந்துகொண்டே இருக்கும். ஆதலின் களப் பணியாளர் உடனே மருத்துவருக்குத் தெரிவித்து நோயாளியை அனுப்ப ஏற்பாடு செய்தல் வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் கொடியது. மாரடைப்பின் தொடக்கத்தில் வரைபடம் முற்றும் இயல்பாகவே இருத்தல் கூடும். “ஈ.ஸி.ஜி. நன்றாக இருக்கிறது, வீட்டுக்குச் செல்லலாம்” என்னும் சொல்லை நம்பிச் சென்றவர் வழியிலேயே மயங்கி விழக்கூடும். வலி தொடருமாயின் கால் மணி அல்லது அரை மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். கருவி தானே அச்சிட்டுத் தரும் முடிவுரையும் தவறக்கூடும். நோயாளியின் வியர்வையும் மூச்சுத்திணறலும் அதற்குத் தெரியா.

ஒப்பிடுவதற்குப் பழைய வரைபடம் இருப்பின் அது பெரும் துணையாகும். நெடுநாளாக உள்ள மாறுதல் எது, இன்று புதிதாகத் தோன்றியது எது என்பதை அதுவே காட்டும். ஆனால் வெப்பத்தால் எழுத்துப் பதியும் காகிதம் வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் நாளடைவில் மங்கிவிடும். ஆகையால் எடுத்த அன்றே ஒரு நகல் செய்து, எடுத்த நேரத்தையும் அப்போது வலி இருந்ததா என்பதையும் அதன் மேல் எழுதி நோயாளியிடம் கொடுத்தல் நன்று.